ஜப்பான் எழுத்தில் என் பெயர்

ரங்கூன் துறைமுகத்தில் நான் வேலை பார்க்கும் கிட்டங்கிக்கு ஜப்பானிலிருந்து மரப்பெட்டிகள் வந்துகொண்டே இருக்கின்றன. சண்டைக் காலத்தில் இந்த நாட்டைப் பாழாக்கியதற்கு ஈடாக அவர்கள் அனுப்பும் இயந்திரங்கள் அவை. போன மாதம் ஒரு பெட்டியின் பக்கவாட்டில் கறுப்பு மையில் மூன்று எழுத்து இருந்தது. குனிந்து எழுத்துக் கூட்டினேன். பொ, ன், பு. பொன்பு! இது என்ன புது வஸ்து என்று மண்டையைக் குடைந்துகொண்டு பெட்டியைத் திறக்கச் சொன்னால், உள்ளே வைக்கோலுக்கு நடுவில் தண்ணீர் இறைக்கும் பம்பு உட்கார்ந்திருக்கிறது. போல்ட்டு அவர்கள் எழுத்தில் பொருதோ ஆகிறது. மோட்டார் மோத்தா ஆகிறது. ஊரில் இருக்கும் நீங்கள் சிரிப்பீர்கள். எனக்கோ தினமும் காலையில் இதுதான் வேலை. பெட்டியில் இருப்பதைப் படித்துப் புத்தகத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். கிட்டங்கியில் என்னைத் தவிர வேறு யாருக்கும் அந்த எழுத்து தெரியாது. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு என்பதை மறைப்பானேன்.

ஜப்பான்காரர்கள் மூன்று விதமாக எழுதுகிறார்கள். சீனரிடமிருந்து வாங்கிய எழுத்து ஒன்று. அது ஆயிரக்கணக்கில் இருக்கிறது, அதன் பக்கமே நான் போனதில்லை. மற்ற இரண்டும் நம்முடைய உயிர்மெய் மாதிரி, ஓர் ஒலிக்கு ஓர் எழுத்து. வளைந்து நெளிந்து போவது ஹிரகானா. குச்சியை ஒடித்துப் போட்டதுபோல் இருப்பது கத்தக்கானா. வெளிநாட்டுச் சொற்களையும் வெளிநாட்டு மனிதர்களின் பெயர்களையும் இந்தக் குச்சி எழுத்தில்தான் எழுதுவார்கள். அதன் அட்டவணையை முதன்முதலில் பார்த்தபோது நான் ஆடிப்போனேன். அ, இ, உ, எ, ஒ என்று தொடங்கி க, ச, த, ந என்று இறங்கி, ம, ய, ர, வ என்று முடிகிறது. இடையில் ஒரு ஹ மட்டும் கூடுதல். கடல்களுக்கு அப்பால் இருக்கிற இவனுக்கு நம் அரிச்சுவடியின் வரிசையை யார் சொல்லிக் கொடுத்தார்கள்? நான் பாளையங்கோட்டையில் ஆனா ஆவன்னா முடிப்பதற்குள் அப்பாவோடு கப்பல் ஏறிவிட்டவன். ரங்கூனில் வட்டம் வட்டமான பர்மிய எழுத்து வந்து சேர்ந்தது, மிஷன் பள்ளியில் ஆங்கிலம் வந்தது. நான்காவதாக ஜப்பான் வந்தபோது, பழகிய தெருவுக்குள் நுழைவதுபோல் நுழைந்துவிட்டேன். ஒரே வாரத்தில் அத்தனை எழுத்தும் மனப்பாடம்.

அப்போது எனக்குப் பதினெட்டு வயது. ஜப்பான் சிப்பாய்கள் ரங்கூனுக்குள் வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. நம்மவர்கள் லட்சக்கணக்கில் காட்டு வழியாக நடந்தே இந்தியாவுக்குப் போய்விட்டார்கள். அம்மா படுத்த படுக்கையாக இருந்ததால் நாங்கள் போகவில்லை. அப்பா மிஷன் அலுவலகத்தில் குமாஸ்தா. பள்ளிக்கூடத்தை ஜப்பான்காரர்கள் எடுத்துக்கொண்டு, அவர்கள் மொழியைக் கற்பிக்க ஆரம்பித்தார்கள். தப்பாக எழுதினால் கன்னத்தில் பளார் என்று விழும். எனக்கு ஒருநாளும் விழவில்லை. ‘தே, வ, ச, கா, ய, மு’ என்று என் பெயரை ஆறு எழுத்தில் பலகையில் எழுதிக் காட்டினேன். புள்ளி வைத்த ‘ம்’ அவர்களிடம் கிடையாது, ஆகவே தேவசகாயம் தேவசகாயமு ஆனான். வாத்தியார் தலையை ஆட்டி ரசித்தார். அதே மாதம்தான் சயாம் எல்லையில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கத் தொடங்கினார்கள். பர்மியர்கள் அதை வியர்வைப் படை என்பார்கள். எங்கள் தெருவில் வீட்டுக்கு ஓர் ஆண் போக வேண்டும் என்று உத்தரவு வந்தது. எங்கள் வீட்டில் அப்பாவை விட்டால் நான்தான். மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. நான்காம் நாள் அப்பா வெளியே போய்விட்டு வந்து, “பயப்படாதே. அவங்க எழுத்து தெரிஞ்சவனை எடுக்கமாட்டாங்களாம். உன் பேரை அடிச்சாச்சு” என்றார். நான் முழங்காலில் விழுந்து ஜெபம் செய்தேன். ஜெபத்தில் ஆண்டவருக்கும் நன்றி சொன்னேன், கத்தக்கானாவுக்கும் நன்றி சொன்னேன்.

இருபது வருஷமாக இந்தக் கதையை நான் சொல்லாத இடம் கிடையாது. தேநீர்க் கடையில் சொல்லியிருக்கிறேன். சபையில் வாலிபர் கூட்டத்தில் சொல்லியிருக்கிறேன். என் இரண்டு பெண்களும் பாடம் படிக்க முரண்டு பிடிக்கும்போதெல்லாம், “ஐம்பது எழுத்து உங்கள் அப்பன் உயிரைக் காப்பாற்றியது” என்று தொடங்கிவிடுவேன். மூத்தவள் பர்மிய மொழியில் முணுமுணுத்துக்கொண்டு புத்தகத்தை எடுப்பாள். எனக்கு அந்தக் கதை அவ்வளவு பிடித்திருந்தது.

இந்த வருஷம் அரசாங்கம் கடைகளை எல்லாம் எடுத்துக்கொண்டதிலிருந்து, நம்மவர்கள் மறுபடியும் ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறார்கள். இந்த முறை நடை இல்லை, கப்பல். பாளையங்கோட்டையிலிருந்து என் சித்தப்பா மகனும், “நீங்களும் புறப்பட்டு வாருங்கள்” என்று எழுதிக்கொண்டிருக்கிறான். நான் பிடி கொடுக்காமல் பதில் போட்டுக்கொண்டிருந்தேன். இப்படி இருக்கும்போது ஒரு மதியம், கிட்டங்கி வாசலில் ஓர் அம்மாள் என்னைத் தேடி வந்து நின்றாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். பர்மியப் பெண்கள்போல் லுங்கியும், நம் பெண்கள்போல் பெரிய குங்குமப் பொட்டும்.

“சயா, நான் இன்சீன்ல பயாஜோ போட்டு விக்கிற அஞ்சலை” என்றாள். இன்சீன் ரங்கூனின் வடக்கு ஓரம். பயாஜோ என்பது நம் பருப்பு வடைதான். சயா என்றால் இங்கே வாத்தியார், ஐயா எல்லாம். “ஒங்களுக்கு ஜப்பான் எழுத்து தெரியும்ல. ஒரு சீட்டு இருக்கு. பாத்துச் சொல்லணும்.”

“என்ன சீட்டும்மா?”

“எங்க வீட்டுக்காரரு சயாம் ரயில் ரோட்டுக்குப் போனாக. கூடப் போன ஆளு சண்டை முடிஞ்சு வந்து இதைக் குடுத்தாரு. அவுகளை ஆஸ்பத்திரிக் கொட்டகையில போட்டிருந்தாகளாம். ரெண்டு நாள் கழிச்சு ஒரு ஜப்பான்காரன் அவுக கூலிச் சீட்டுக்குப் பின்னால என்னமோ எழுதி, இவரு கையில குடுத்துட்டு, தூரமா கையைக் காட்டுனானாம். வேற எடத்துக்கு மாத்திட்டாக போலன்னு இவரு நெனைச்சுக்கிட்டாரு. நானும் அப்பிடித்தான் நெனைச்சுக்கிட்டு இருக்கேன்.”

“இருபது வருஷமாகவா?”

“அடுத்த கப்பல்ல அண்ணன் குடும்பத்தோட எனக்கும் எடம் கெடைச்சிருக்கு சயா. அவுக சயாம்ல எங்கயாச்சும் இருக்காகன்னா நான் ஏறமாட்டேன். வந்து தேடுனா நான் இருக்கணும்ல? இல்லைன்னா ஏறுறேன். அதை மட்டும் பாத்துச் சொல்லுங்க, போதும்.”

மடிப்பு மடிப்பாக இருந்த ஒரு தடித்த தாளைத் துணிக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தாள். ஓரங்கள் நைந்து, எண்ணெய் ஏறி, நடுவில் ஒரு சிவப்பு முத்திரை. நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, அவளுக்குக் கேட்கட்டும் என்று சத்தமாகவே ஆரம்பித்தேன். எண் தெரிந்தது. வயதுக்கு நேரே பதினெட்டு என்று இருந்தது. ஊருக்கு நேரே ர, ங், கூ, ன். “ரங்கூன்” என்றேன். பெயருக்கு நேரே ஆறு எழுத்து. தே என்றேன். வ என்றேன். ச என்று வாய் திறந்தபோது என் கண் முந்திக்கொண்டு கடைசி எழுத்துவரை ஓடிவிட்டது.

அதில் இருந்தது என் பெயர். வாசகர்களே, எனக்கு அப்போது எப்படி இருந்தது என்று எழுத முயன்று நான்கு தாளைக் கிழித்துப் போட்டேன். காது அடைத்துவிட்டது. பாரம் தூக்குகிறவர்கள் வாயை அசைப்பது தெரிகிறது, சத்தம் வரவில்லை. வேறு எவனோ ஒரு தேவசகாயமாக இருக்கக்கூடும் என்று தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தெருவின் பெயருக்கு முன்னால் மிஷன் என்று கத்தக்கானாவிலேயே எழுதியிருந்தது. அது எங்கள் தெரு. அதில் அந்த வயதில் அந்தப் பெயரில் நான் ஒருவன்தான். பின்பக்கம் முழுக்கச் சீன எழுத்து. அதற்கு நடுவில் குச்சி எழுத்தில் மூன்றே மூன்று: கொ, ரெ, ரா. பம்பைப் பொன்பு என்று படித்துப் பழகியவனுக்கு இதைப் புரிந்துகொள்ள ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. காலரா. அதைச் சுற்றியிருந்த சீன எழுத்து என்ன சொல்கிறது, பிழைத்தார் என்றா, போய்விட்டார் என்றா? அது எனக்குத் தெரியாது.

அஞ்சலை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “பின்னால சீன எழுத்தா இருக்கும்மா. கேட்டுத்தான் சொல்லணும். ஞாயித்துக்கிழமை நானே இன்சீன் வர்றேன்” என்று எப்படியோ சொல்லி முடித்தேன். பெயரைப் பற்றி அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சீட்டை என்னிடம் விட்டுவிட்டு, துணியை மட்டும் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனாள்.

எங்கள் கிட்டங்கிக்கு இயந்திரங்களைப் பூட்டிக் காட்ட மொரி என்று ஓர் இளைஞர் ஜப்பானிலிருந்து வந்திருக்கிறார். சண்டை நடந்தபோது பால்குடி மறந்த பிள்ளையாக இருந்திருப்பார். என் முழுப்பெயர் வாயில் நுழையாததால் என்னைத் தேவா-சான் என்பார். மறுநாள் காலை சீட்டை அவர் மேசைமேல் வைத்தேன். பார்த்த உடனே எழுந்து நின்றுவிட்டார். இரண்டு கையாலும் எடுத்து, முன்பக்கத்தை ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார். “தே-வா-சா-கா-யா-மு. யார் இது?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“நான்” என்று வந்துவிட்டது வாயில். என் பெயரைச் சொல்லி யார் என்று கேட்டால், பழக்கத்தில் வேறு என்ன வரும்?

அவர் தாளைத் திருப்பினார். “கொரெரா. டெட். பெரிய குழியில் புதைத்தோம் என்று எழுதியிருக்கிறது” என்றார் மெதுவாக. பிறகு என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். திடீரென்று அவர் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. என் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கி, “மிஸ்டேக்! எங்கள் ஆட்கள் தப்பு எழுதிவிட்டார்கள். நீங்கள் பிழைத்துவிட்டீர்கள். வெரி குட், தேவா-சான், வெரி குட்!” என்றார். இடுப்பு வளைய என்னைக் குனிந்து வணங்கினார். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பாக்கெட் சிகரெட் எடுத்து என் சட்டைப் பையில் திணித்தார். அந்த மனிதருக்கு எவ்வளவு சந்தோஷம்! அவர் தேசம் செய்த பாவத்தில் ஒன்றாவது இல்லாமல் போயிற்றே என்று நினைத்திருப்பார். தப்பு எங்கே நடந்தது என்பதை அவருக்கு நான் விளக்கவில்லை. தாளை வாங்கிக்கொண்டு பெட்டிகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டேன்.

உட்கார்ந்தபோதுதான் அந்தக் காலைப்பொழுது நினைவுக்கு வந்தது. அப்பா ‘பேரை அடிச்சாச்சு’ என்று சொன்னதற்கு மறுநாள். எங்கள் வீட்டுப் பின்வாசலில் கறுப்பாக, வாட்டசாட்டமாக ஒருவர் நின்றார். அப்பா ஓர் அரை மூட்டை அரிசியை அவர் தோளில் ஏற்றிவிட்டு, இரண்டு புதுத் துணியை மேலே வைத்தார். அந்த நாளில் அரிசி கண்ணில் காணக் கிடைக்காது. அப்பாவுக்கு இவ்வளவு இரக்கமா என்று நான் ஜன்னல் வழியாகப் பார்த்து மலைத்தேன். அவர் திரும்பும்போது என்னைக் கண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். அவ்வளவுதான் எங்களுக்குள் நடந்த பரிச்சயம். எவனுக்கும் ஒரு கெடுதல் நினைக்காத என் அப்பா, என் பெயரைப் பட்டியலிலிருந்து அடிக்கவே இல்லை. அதை வேறொருவர் தலையில் ஏற்றி அனுப்பிவிட்டார். கேட்கலாம் என்றால் அவர் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. அவர்மேல் வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அவர் அப்படிச் செய்யாமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுத நான் இருந்திருக்கமாட்டேன் என்பதும் எனக்குத் தெரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகவில்லை. சுற்று ரயிலில் ஏறி இன்சீனில் இறங்கினேன். ரயில்வே பட்டறைக்குப் பின்னால் லயம் என்கிற வரிசை வீடுகள். பாதி வீடுகளில் ஆள் இல்லை. அஞ்சலை வீட்டு வாசலில் எண்ணெய்ச் சட்டி கழுவிக் கவிழ்த்திருந்தது. உள்ளே ஒரே ஒரு தகரப் பெட்டி பாதி அடுக்கி, பாதி திறந்து கிடந்தது. உட்காரப் பலகை போட்டாள். நான் நின்றுகொண்டே சொன்னேன்.

“அம்மா, அவர் இல்லை. காலரா. அப்பவே போயிட்டார்.”

அவள் அழவில்லை. பெட்டியின் மூடியைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். “சரி” என்றாள்.

“இன்னொண்ணும் இருக்கு. அந்தச் சீட்டுல இருக்கிறது...”

“ஒங்க பேரு” என்றாள் அஞ்சலை.

சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

“தெரியும் தம்பி. போறப்பவே அவுக சொல்லிட்டுத்தான் போனாக. குமாஸ்தா ஐயா மகன் பேர்ல போறேன், மூணு மாசத்துல வந்துருவேன்னு. பையனுக்கு மட்டும் தெரியவேண்டாம், தாங்கமாட்டான்னு ஒங்கப்பா கேட்டுக்கிட்டாராம். ஐயா இருக்கிற வரைக்கும் அந்தப் பேச்சைக் காப்பாத்தணும்ல. இந்த லயத்துல எல்லாருக்கும் தெரியும். ஒருத்தரும் வாய் தொறக்கலை.”

“இத்தனை வருஷம்... என்னை வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.”

“என்னத்தைக் கேக்க? சண்டை முடிஞ்சதும் அவுக பேரைச் சொல்லி ஆபீசு ஆபீசா மனு எழுதிப் போடச் சொன்னேன். அப்பிடி ஒரு ஆளே போகலைன்னு பதில் வந்துச்சு. ஒங்க பேரைச் சொன்னா, அவரு ரங்கூன்ல நல்லா இருக்காருன்னு சொல்லுவாக.” சொல்லிவிட்டுத் தோள்துண்டால் முகத்தைத் துடைத்தாள். “ஒரு தடவை இங்க பள்ளிக்கூடத்துல நீங்க வந்து பேசுனீக. எழுத்து என்னைக் காப்பாத்துச்சுன்னு. பின்னால வடைக் கூடையோட நான் நின்னேன். எல்லாரும் கை தட்டுனாக.”

இதைக் கேட்டபோது அவள் என்னைத் திட்டியிருந்தால்கூட நன்றாயிருக்கும் என்று தோன்றியது. திட்டவில்லை. சும்மா நடந்ததைச் சொன்னாள். அந்தப் பள்ளிக்கூடத்தில் நான் எப்படிக் கையை வீசிப் பேசினேன் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வெட்கம் என்று ஒரு சொல் இருக்கிறது, அது இதற்குப் போதாது. எழுத்துத் தெரியாத இந்த லயத்துக்கே தெரிந்திருந்த விஷயம், நான்கு எழுத்து தெரிந்த எனக்கு மட்டும் தெரியவில்லை. “என்னை மன்னிச்சிரும்மா” என்றேன். வேறு என்ன சொல்வது?

“நீங்க என்ன செஞ்சீக? சின்னப் பையன். சீட்டைப் படிக்காத வரைக்கும் அவுக இருந்தாக. அதான் நானும் கொண்டாரலை” என்றாள். பிறகு ஒரு வெள்ளைத் தாளைத் தேடி எடுத்துத் தரையில் வைத்தாள். “ஜப்பான்காரன் கணக்குல செத்தது நீங்க. எங்க வீட்டுக்காரரு எந்தத் தாள்லயும் இல்லை. அந்த எழுத்துலயே அவுக பேரை ஒரு தடவை எழுதிக் குடுங்க தம்பி. நான் எடுத்துட்டுப் போறேன்.”

பேனாவைத் திறந்தேன். “பேரு என்னம்மா?”

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். நம் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்வதில்லை என்பது உங்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பர்மாவுக்கு வந்து லுங்கி கட்டினாலும், பாதிப் பேச்சு பர்மியமாக மாறினாலும், அந்த வழக்கத்தை மட்டும் இவர்கள் விடவில்லை. ரேஷன் கடையில்கூடப் பக்கத்து வீட்டுப் பிள்ளையை விட்டுத்தான் சொல்லச் சொல்வார்கள். மனு எழுதிய ஆளிடமும் இவள் அண்ணன்தான் பெயரைச் சொல்லியிருப்பான். “அண்ணனைக் கூப்பிடுங்க, அவர் சொல்லட்டும்” என்றேன்.

“வேணாம். நானே சொல்றேன். இனிமே சொல்லலாம்ல.”

எழுத்து எழுத்தாகச் சொன்னால்தான் எனக்கு எழுத வரும் என்றேன். அவள் நெற்றிப் பொட்டில் கை வைத்தாள், எடுத்தாள். “மா” என்றாள். எழுதினேன். “ரி” என்றாள். எழுத்து கோணியது. “மு” என்றபோது குரல் உடைந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு, மீதியை ஒரு கேவலோடு சேர்த்துச் சொன்னாள். இருபது வருஷமாக உள்ளே வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது. வாசலில் நின்ற அவள் அண்ணன், உள்ளே வராமல் தலையைத் திருப்பிக்கொண்டார். மாரிமுத்து என்று அந்தக் குச்சி எழுத்தில் எழுதிய தாளை நான் ஊதிக் காய வைத்துக் கொடுத்தேன். அவள் அதை நேராகப் பிடித்திருக்கிறாளா, தலைகீழாகப் பிடித்திருக்கிறாளா என்பதுகூட அவளுக்குத் தெரியாது. பழைய சீட்டை, “ஒங்க பேரு போட்டது, ஒங்ககிட்டயே இருக்கட்டும்” என்று என் கையில் கொடுத்துவிட்டாள்.

கப்பல் புறப்படும் நாளில் துறைமுகத்துக்குப் போனேன். வெள்ளைப் புடவையில், வெறும் நெற்றியோடு வரிசையில் நின்ற அவளை முதலில் அடையாளம் தெரியவில்லை. அவள் தகரப் பெட்டியை நான் தூக்கிக்கொண்டு, கூடவே நகர்ந்து மேசைவரை போனேன். அதிகாரி பர்மிய மொழியில் அவள் பெயரைக் கேட்டார், சொன்னாள். புருஷன் பெயரைக் கேட்டார். “மாரிமுத்து” என்றாள், பின்னால் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி. இரண்டு நம்மூர்ப் பெண்கள் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். முத்திரை விழுந்தது. பெட்டியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு, “வர்றேன் தம்பி” என்று சொல்லி, கம்பித் தடுப்பைத் தாண்டிப் போய்விட்டாள். நான் அங்கேயே நின்றுவிட்டேன். என் சட்டைப் பையில் அந்தச் சீட்டு இருந்தது.

அதிகாரி தலை நிமிராமல் அடுத்த தாளை எடுத்து வைத்துக்கொண்டார். நானும் பிரயாணி என்று நினைத்துவிட்டார். “பெயர்?” என்றார்.

வரிசை எனக்குப் பின்னால் ரங்கூன் வீதிவரை நீண்டு நின்றது. முன்னால் கப்பல் நின்றது. வாயைத் திறந்தேன். “தே” என்ற முதல் எழுத்து மட்டும் வந்தது. அவர் பேனாவோடு காத்திருந்தார். பின்னால் நின்றவர் என் தோளைத் தொட்டு, “சொல்லுங்கண்ணே” என்றார்.